கடலடிச் சான்றும் கடுகிய முடிவும்

கடலடிச் சேற்றினுள் மணற்பருக்கை அளவினவாய்ப் புதைந்து கிடக்கும் சின்னஞ்சிறு ஓடுகளை முன்னிறுத்தி ஒரு பெருவழக்கு, கால் நூற்றாண்டாக அறிவுலகில் நடந்து வருகின்றது. உலகம் முன்பு வெம்மையுற்ற காலங்களிற் கடலடியினின்று மீத்தேன் என்னும் எரிவளி பீறிட்டெழுந்து காற்றிற் கலந்ததா என்பதே அவ்வழக்கு. கலந்தது உண்மையாயின், இற்றை வெம்மையும் அதனையே மீண்டும் செய்தல் கூடும். எனவே இஃது ஆய்வாளர் சிலர்தம் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடற்பாலதன்று.

கடலடி மண்ணில் மக்கிய உயிர்ப்பொருள்களை நுண்ணுயிர்கள் சிதைக்குங்கால் மீத்தேன் பிறக்கின்றது. குளிரும் அழுத்தமும் கூடிய ஆழங்களில் நீர் அவ்வளியைத் தன் கூட்டினுள் அடைத்துக்கொண்டு பனிக்கட்டி போல் இறுகி நிற்கும். இவ்வளிப்பனியின் ஒரு கன மீட்டர், சிதையுங்கால் ஏறத்தாழ 164 கன மீட்டர் வளியை வெளிவிடும். எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில், மீத்தேன் கரிவளியினும் ஏறத்தாழ 28 மடங்கு வெம்மையூட்ட வல்லது. அச்சத்திற்கு இடமில்லாமலில்லை.

இனி, ஓடுகளுக்கு வருவோம். போராமினிபெரா என மேலையர் வழங்கும் துளையுடலிகள், ஓருயிரணுவே உடலாக உடையவை. சுற்றியுள்ள நீரிற் கரைந்த கரியையும் சுண்ணத்தையும் கொண்டே அவை தம் ஓட்டைக் கட்டுகின்றன. கரியில் நிலைத்த வகைகள் இரண்டு: எடை 12 உடையது நூற்றுக்கு 99 பங்கு, எடை 13 உடையது ஏறத்தாழ 1 பங்கு. மீத்தேனை ஆக்கும் நுண்ணுயிர்கள் எடை குறைந்த கரியையே விழைந்து எடுத்தலால், கடல்நீர்க் கரியோடு ஒப்பிடுங்கால் அம்மீத்தேனில் எடைமிக்க கரி ஆயிரத்துக்கு 60 அளவும், சிலவிடத்து அதனினும் மிகுதியாகவும் குறைந்திருக்கும். ஆகவே, கசிவிடத்துக் கட்டப்பெற்ற ஓட்டில் அக்குறைவின் சுவடு இருத்தல் வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

கலிபோர்னியாக் கரையையடுத்த சாந்தா பார்பராப் படுகையில் 1992-இல் 'சாயிடெசு ரெசல்யூசன்' என்னும் துளைக்கப்பல் 200 மீட்டரை நெருங்கும் சேற்றுத் தண்டொன்றை எடுத்தது. உயிர்வளி அருகிய அடியாதலின், புழுவும் நண்டும் கிளறாது ஏடேடாகப் படிந்த சேறு அது. அதிலிருந்து 60,000 ஆண்டுக்கால ஓடுகளை அளந்து, சேம்சு கென்னெட்டும் உடனாய்ந்தோரும் 2000-இல் தம் முடிவை வெளியிட்டனர். பனியூழியின் இடையிடையே வெம்மை தலைகாட்டிய போதெல்லாம் கடலடி ஓடுகளில் எடைமிக்க கரி குறைந்திருந்தது. 2003-இல் அது 'துமுக்கிக் கருத்து' எனத் தனிநூலாகவே விரிந்தது. கடலின் இடைநீர் வெம்மையுற, வளிப்பனி உடைந்து, மீத்தேன் துமுக்கிக் குண்டெனப் பாய்ந்து உலகைச் சூடேற்றிற்று என்பது அதன் சாரம்.

கருத்து அழகியதே. ஆயின், மீத்தேன் இன்றும் கசியும் இடத்தில் உயிரோடிருக்கும் துளையுடலி யாது சொல்கின்றது என்று பார்த்த பின்னரன்றோ செத்த ஓட்டை வினவுதல் முறை? ஓரிகன் கரைக்கப்பாலுள்ள ஐதரேட்டு முகட்டில் அவ்வாறு பார்த்தவர் மார்த்தா தோரசும் குழுவினரும். 2003-இல் அவர்கள் கண்டது: கசிவிடத்திலேயே வாழும் உயிர்களின் ஓட்டில் மீத்தேனின் பெருஞ்சுவடு இல்லை, அங்கேயே புதைந்த பழைய ஓடுகளிலோ அது மிகப் பெரிதாய் உள்ளது. அப்படியாயின், அச்சுவடு ஓட்டுக்கு எங்கிருந்து வந்தது?

விடை சேற்றினுள் இருக்கின்றது. உயிர்வளியின்றியே மீத்தேனை உண்ணும் நுண்ணுயிர்க் கூட்டுறவு ஒன்றை அந்தியே போயெட்டியசு குழுவினர் 2000-இல் இதே முகட்டிற் கண்டறிந்தனர். தொல்லுயிரி ஒன்று, கடல்நீரிலுள்ள கந்தக உப்பைக் கொண்டு மூச்சுவிடும் நுண்ணுயிர் மற்றொன்று. கசிந்தேறும் மீத்தேனின் பெரும்பகுதி, சேற்றைத் தாண்டுமுன்பே இவற்றுக்கு இரையாகிவிடுகின்றது. அவ்வழி விளைந்த கரியின் ஒரு பகுதி சுண்ணமாய் இறுகிப் பழைய ஓடுகளின் மேற் பூச்சாகப் படிகின்றது. வீடு கட்டியவன் ஒருவன். பன்னூறாண்டு கழித்து வந்து சுண்ணம் அடித்தவன் வேறொருவன். சுண்ணத்தைச் சுரண்டி ஆய்ந்துவிட்டுக் கட்டியவன் காலத்தைச் சொன்னால் அக்கணக்கு யாங்ஙனம் பொருந்தும்? பூச்சும் ஒரு சான்றுதான். ஆனால் அவ்விடத்து ஒருகால் மீத்தேன் இருந்தது என்பதற்கன்றி, எக்கால் இருந்தது என்பதற்கன்று.

பூச்சைக் கண்டறிய வழியும் உண்டு. மின்னணு நுண்காட்டியின்கீழ் வைத்தால் அதன் படிகங்கள் தெரியும். மக்னீசியம் மிகுந்திருந்தாலும் ஐயுறலாம். அண்மையில் உயிரோடிருந்தவற்றைச் செஞ்சாயம் ஏற்றிப் பிரித்தெடுக்கலாம். இவை யாவும் உழைப்பு வேண்டுவன. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதுவது எளிது.

வழக்கின் மற்றொரு சான்று பனியிலிருந்து வந்தது. கிரீன்லாந்துப் பனியினுள் அடைபட்ட பழங்காற்றிலுள்ள மீத்தேனின் நீரகத்தைத் தாடு சோவர்சு ஆய்ந்து 2006-இல் வெளியிட்டார். கடலடி மீத்தேனில் எடைமிக்க நீரகம் மிகுதி. துமுக்கி வெடித்திருப்பின் வெம்மை பெருகிய காலக் காற்றில் அதன் பங்கு ஏறியிருத்தல் வேண்டும், ஏறவில்லை. கடலடி கசியவில்லை என்பதன்று இதன் பொருள். கசிந்தது காற்றை அவ்வளவாக எட்டவில்லை என்பதே.

ஈண்டு இருதிறத்தாரும் பிழைபடுகின்றனர். கடலடியில் வெடிகுண்டு கிடக்கின்றது என அலறுவோர் ஓட்டின் சான்றை அளவிறந்து நீட்டுகின்றனர். துமுக்கி பொய்த்ததால் கவலையே இல்லை என்போரோ, நீரிலேயே மீத்தேன் கரிவளியாகுங்கால் கடலின் உயிர்வளி குறைவதையும் நீர் புளிப்பேறுவதையும் மறந்துவிடுகின்றனர்.

2006-இல் அதே கப்பல், வங்கக் கடலிற் கிருட்டிணா-கோதாவரிப் படுகையைத் துளைத்து வளிப்பனியைக் கண்டது. எரிபொருளாக எடுக்கும் நோக்கோடு 2015-இல் மீண்டும் துளையீடு நடந்தது. அப்படுகை முன்பு எப்பொழுதெல்லாம் கசிந்தது என்பதை ஓடுகளைக் கொண்டு உரைக்க முற்படுவோர், அளந்த ஓடுகளின் நுண்படத்தையும் மக்னீசிய அளவையும் எண்களோடு சேர்த்தே வெளியிடுதல் வேண்டும். பூச்சேறிய ஓட்டைத் தூய ஓட்டோடு கலவாது தனியே கணக்கிடுதலும் வேண்டும்.