காளான் சாரமும் கஞ்சி மாவும்

காளானின் உயிரணுச் சுவரில் கைட்டினும் குளுக்கானும் பின்னிக் கிடக்கின்றன. 1811ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்து ரசாயன சாஸ்திரி பிராக்கொனோ காளானைக் காரநீரில் பக்குவஞ் செய்து, கரையாது எஞ்சியதைப் பிரித்தெடுத்தார். அதுவே பின்னர் கைட்டின் எனப் பெயர் பெற்றது. குளுக்கானில் ஒரு பகுதி கொதிநீரில் இறங்கும். அவ்வடிநீரைச் சுண்டக் காய்ச்சி ஆல்கஹால் சேர்த்தால் அடியில் படியும்.

படிவதெல்லாம் குளுக்கான் அன்று. தானியத்தில் வளர்ந்த காளான் இழையைத் தானியத்தோடு அரைத்தால் மாவுச்சத்தும் உடன் வரும். அதுவும் பாலிசாக்கரைடே யாதலால், மொத்தச் சதவிகிதம் கண்டு வாங்குவோர் கஞ்சி மாவுக்கன்றோ காளான் விலை கொடுக்கின்றனர்! மொத்தத்தை மட்டும் சீட்டில் அச்சிடும் வழக்கம் ஒழிதல் வேண்டும். அயோடின் ஒரு துளி விட்டு, கருநீலம் காணின், முளைதானியத்திலுமுள்ள அமிலேஸால் மாவைச் சிதைத்து, புரதத்தையும் நீக்கிய பிறகே குளுக்கானை அளப்பது முறை. வெட்டி எறியப்படும் காளான் அடித்தண்டில், ஒட்டியிருக்கும் வளர்தளத்தை நீக்கிவிட்டால், இந்த மாவுக் கலப்புக்கு இடம் மிகக் குறைவு.