முன்னடியும் பின்னடியும்

ஆடலைப் பற்றி அருள்பணியாளர் எழுதுவதா என வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1914இல் பாரிசு நகரப் பேராயர் கர்தினால் அமெத், டாங்கோ என்னும் இணையாடலை வன்மையாகக் கண்டித்தார். நூறாண்டு கழித்து, 2014 டிசம்பர் 17 அன்று, திருத்தந்தை பிரான்சிசின் 78ஆம் பிறந்தநாளில், வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்தருகே மக்கள் திரளாகக் கூடி அதே ஆடலை ஆடி வாழ்த்தினர். புவனோஸ் ஐரெஸ் நகரில் பிறந்த அவருக்கு அது பிறந்த மண்ணின் ஆடல்.

நாம் ஆடியதில்லை; அதன் முறையைக் கேட்டும் படித்தும் அறிந்தோம். ஒருவர் வழிநடத்துவார், மற்றவர் பின்பற்றுவார். ஒருவர் இழுக்க மற்றவர் இழுபடுகிறார் என்று பார்ப்போர் எண்ணுவர். அன்று. வழிநடத்துபவர் கையால் தள்ளுவதில்லை; நெஞ்சைச் சற்றே திருப்பி, உடலின் எடையை மாற்றி, ஓர் அழைப்பை மட்டுமே விடுக்கிறார். அழைப்பை ஏற்றவர் அடியெடுத்து வைத்து, எடை முழுவதும் அக்காலில் இறங்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும். அதற்குள் அடுத்த அடியைத் தொடங்கினால் இருவரும் தடுமாறுவர். பின்பற்றுபவரும் பொம்மையல்லர். தம் எடையைத் தாமே தாங்குவார்; அழைப்பு வருமுன் ஊகித்து ஓடார்; இடம் கிடைத்தால் தமக்குரிய அழகடி ஒன்றையும் சேர்ப்பார். அயல்நாட்டுச் சரக்கென்று இதை ஒதுக்க வேண்டா. நம் கும்மியிலும் ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவர். அவர்கள் பாடி முடிக்குமுன் அவள் அடுத்த அடியை எடுத்தால் கும்மி குலையும்.

இனி, நம் உடன்பணியாளர் சிலரோடு வழக்காட வருகிறோம். "பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்ல மட்டுமே உரிமை, முடிவு எமதே" என்பது அவர்தம் வாதம். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 536ஆம் சட்டத்தை எடுத்துக்காட்டுவர். சட்டம் அவ்வாறு சொல்வது மெய்யே. ஆனால் முடிவை எழுதி வைத்துவிட்டு, தேநீர் ஆறுமுன் அதை வாசித்துக் காட்டுவதற்குப் பெயர் ஆலோசனையா? "வெறும் ஆலோசனை" என்னும் அத்தொடரையே மறுபரிசீலனை செய்ய வேண்டுமென ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம் 2024 அக்டோபரில் கேட்டுக்கொண்டது. திருத்தந்தை பிரான்சிசு அதற்கு ஒப்புதலும் அளித்தார். அவர் 2025 ஏப்ரலில் மறைந்தார். ஆவணம் பல பங்குகளில் இன்னும் பிரிக்கப்படாத உறையிலேயே கிடக்கிறது.

பிறரை மட்டும் குறை கூறுவது முறையன்று. கொல்லிமலையில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, ஒரு சிற்றூரில் மாலை நவநாளுக்கு நேரம் குறித்தோம். எவரையும் கேட்கவில்லை. "சரிங்க சாமி" என்றனர் அனைவரும். அது மிளகு பறிப்புக் காலம். பொழுது சாயும்வரை மரத்தில் ஏணி சாத்தி நின்றவர்கள், கீழிறங்கி மிளகை உதிர்த்துக் காயப்போடுமுன் நம் மணி அடித்தது. ஒன்பது நாளும் நாமும் உபதேசியாரும் நான்கு முதியோரும் செபித்தோம். ஐந்தாம் நாள் மறையுரையில் மக்களின் பற்றின்மையைச் சாடினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. அவர்கள் கால் ஊன்றுமுன் நாம் அடுத்த அடி வைத்தோம், பழி அவர்கள்மேல்.

பொதுநிலையினரும் தப்ப முடியாது. "எல்லாம் சாமி பார்த்துக்கொள்வார்" என்று தம் எடை முழுவதையும் ஒருவர் தோளில் தொங்கவிடுவது பணிவு அன்று, சோம்பல். அந்தச் "சரிங்க சாமி"யும் கீழ்ப்படிதல் ஆகாது. இயலாது என்று ஒருவர் சொல்லியிருந்தால் நவநாள் பிழைத்திருக்கும். ஆயினும், மறுத்துப் பேசியவரை முன்பு எவ்வாறு நடத்தினோம் என்பதை எண்ணினால், அந்த மௌனத்தை விதைத்தவர் யாரெனத் தெரியும்.

இப்போதெல்லாம் பேரவையில் நாம் கடைசியாகவே பேசுகிறோம். முதல் இரு கூட்டங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுவர்க்கடிகாரம் மட்டுமே பேசிற்று. மூன்றாம் கூட்டத்தில் மூதாட்டி ஒருவர் எழுந்தார். நவநாள் நேரத்தைப் பற்றிச் சொல்வார் என்று காத்திருந்தோம். நம் மறையுரையின் நீளத்தைப் பற்றிச் சொன்னார்.