பழி மட்டும் தாய்வழியா?

ஆய்க்குடிப் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் காதோடு விசாரிப்பார்கள்: "பொண்ணோட அம்மை வழியில யாருக்கும் கிறுக்கு உண்டுமா?" மாப்பிள்ளையின் அப்பா வழியை யார் விசாரிக்கிறார்கள்?

அறிவியல் இந்தப் பழியைச் சுமத்தவில்லை. 2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, மனச்சிதைவு உள்ள 76,755 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து, நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. தாயிடமிருந்தும் வரும், தந்தையிடமிருந்தும் வரும். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்தது மற்றவருக்கு வராமல் போவதுண்டு.

தென்னிந்தியர்களிடம் இத்தகைய மரபணு ஆய்வில் பங்கேற்ற சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தினர்தான், மனச்சிதைவோடு மணவாழ்க்கையும் முறிந்துபோன 76 பெண்களின் நிலையை 2003இல் பதிவு செய்தார்கள்.

மரபணுவைத் தேடட்டும். ஆனால் ரத்தம் கொடுக்கும் பெண்ணுக்கு அதன் பொருளை அவள் பேசும் தமிழில் சொல்லவும், அவள் விவரத்தைக் காக்கவும் வேண்டும். இல்லையென்றால் நாளை ஜாதகத்தோடு மரபணு அறிக்கையையும் கேட்பார்கள், பெண் வீட்டில் மட்டும்.