மீசைக்காரக் காவலாளி

“லிங்க் ஆயிடுச்சா? அப்புறம் என்ன, ஓடும் லா!” பத்து பாகாட்டில் புரோகிராம் எழுதப் பழகிய நாளிலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். அண்மையில் ஒரு பயிற்சிப் பட்டறையில் இது திரையிலேயே ஏறிவிட்டது: ‘லிங்கரே கடைசிக் காவலாளி, பொருந்தாத ஆர்க்கிடெக்சரை உள்ளே விடாது.’ கூடவே மீசை வைத்த ஒரு காவலாளிப் படம்.

அந்த மீசைக்காரர், அதாவது கம்பைலர் தரும் கோப்புகளை ஒட்டி ஒரே நிரலாக்கும் லிங்கர், அப்படி என்னதான் பார்க்கிறார்? லினக்ஸில் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பின் தொடக்கத்திலும் எல்ஃப் தலைப்பு உண்டு. அதில் 5-ஆவது பைட் 32 பிட்டா 64 பிட்டா என்று சொல்லும். 6-ஆவது, பைட்டுகள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன என்பது. 19, 20-ஆவது பைட்டுகளில் செயலியின் எண்: இன்டெல் 32 பிட்டுக்கு 3, 64 பிட்டுக்கு 62, ஆர்ம் 32 பிட்டுக்கு 40, 64 பிட்டுக்கு 183. பெட்டிமேல் ஒட்டிய சீட்டைப் படிக்கிறார், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

“3-ஐயும் 62-ஐயும் கலந்தால் திட்டுகிறதே?” திட்டும். சீட்டு வேறு அல்லவா.

“தப்பான லைப்ரரியை ஒதுக்குகிறதே?” ஒதுக்கும். ஒதுக்கிவிட்டு வேறெங்கும் கிடைக்காவிட்டால், ‘லைப்ரரியைக் காணோம்’ என்று முடிக்கும். கோப்பு கண்ணெதிரே கிடக்கும்.

“ஆர்மில் தசம எண்களை எந்த ரெஜிஸ்டரில் அனுப்புவது என்பதைக்கூடச் சரிபார்க்கிறதே?” சரி, பார்க்கிறது. மேலே போவோம்.

இனி என் வயிற்றெரிச்சல். ஆயத்த ஆடை ஆலைகள் உள்ள ஊர் பத்து பாகாட். தையல் எந்திரம் எத்தனை உருப்படி முடித்தது என்று எண்ண ஒரு சின்னப் பெட்டி செய்தேன். உள்ளே ராஸ்பெரி பை ஜீரோ, 2015-இல் 5 டாலர் விலையில் வந்ததே, அது. அதன் செயலி ஆர்ம்வி6. மடிக்கணினியில் இருந்தது டெபியனின் ஆர்ம்எச்எஃப் கம்பைலர். அதன் அடித்தளம் ஆர்ம்வி7. தெரிந்துதான், உஷாராக, வி6 என்று குறிப்பிட்டே கம்பைல் செய்தேன். லிங்கர் முணுமுணுக்கக்கூட இல்லை. பெட்டியில் போட்டு ஓட்டினால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’. மெயின் ஃபங்ஷனை எட்டவே இல்லை.

நான் எழுதியது வி6 ஆனது சரி. ஆனால் மெயினுக்கு முன் ஓடும் தொடக்கக் கோப்பும் சி லைப்ரரியும் டெபியன் தந்தவை, வி7. இரண்டு தரப்பின் சீட்டிலும் அதே 40. தசம எண் வழக்கமும் ஒன்றே. வி6, வி7 என்ற வேறுபாடு கோப்பின் இன்னொரு மூலையில், பண்புக் குறிப்பில் இருக்கிறது. லிங்கர் அதையும் படிக்கிறது. படித்துவிட்டு, இரண்டில் பெரியதை எடுத்து வெளியீட்டில் எழுதிவிட்டு, பேசாமல் போகிறது! வி7 செயலி வி6 கட்டளைகளையும் ஓட்டும் என்பதால் லிங்கரின் கணக்கில் பிழையில்லை. எந்தப் பலகையில் ஓடப்போகிறது என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குத்தான் பட்டறைக்காரர்கள் அதன் பெயரில் பதில் சொல்கிறார்கள். இதே வி6 செயலிக்காக 2012-இல் டெபியனின் பொதிகளை மறுபடி கம்பைல் செய்து ராஸ்பியனை உருவாக்கியவர்களிடம் போய் அந்த மீசைப் படத்தைக் காட்டட்டும்.

இன்டெல்லிலும் இதே கதைதான். ஏவிஎக்ஸ்2 கட்டளை உள்ள கோப்புக்கும் இல்லாததற்கும் ஒரே 62. பழைய கணினியில் ஓடும்போதுதான் கவிழும்.

பெட்டி கவிழ்ந்து இரண்டு நாள் கழித்து, எல்ஃப் கோப்பைப் படித்துக் காட்டும் கருவியில் ரீட்எல்ஃப் -ஏ என்று அடித்துப் பார்த்தேன். என் நிரலின் பண்புக் குறிப்பில் ‘வி7’ என்று ஒரு வரி. லிங்கரே எழுதி வைத்தது.