எண்ணெய் விலை இறங்கினா ஏன் ஆஸ்பத்திரியில் கை வைக்கிறீங்க? ஆல்பர்ட்டா 2015 தேர்தலை முன்வைத்து ஒரு நீண்ட இழை

"கனடாவில் எல்லாருக்கும் இலவச வைத்தியம்னா அங்க எண்ணெய் இருக்கு டாக்டர். பூமிக்குள்ள இருந்து பணம் வருது, கொடுக்கிறாங்க."

போன பதிவுக்குக் கீழே ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார். அதுக்கு நிறைய லைக் வேற. பதில் எழுத உட்கார்ந்தேன், கமெண்ட் பாக்ஸ் பத்தல. நைட் டியூட்டி முடிச்சு வந்து எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

நண்பரே, முதல்ல ஒரு தகவல். கனடாவில் மருத்துவம் மாகாண அரசின் பொறுப்பு. ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசு ஒரு பங்கு பணம் தரும். ஆஸ்பத்திரியை நடத்துவதும் நர்ஸுக்குச் சம்பளம் போடுவதும் மாகாணத்தின் வேலை. எல்லாருக்கும் அரசுச் செலவில் டாக்டர் என்பதை 1962-ல் முதலில் கொண்டுவந்தது சஸ்காச்சுவான். கோதுமை விளையும் மாகாணம். எண்ணெய்க்குப் பேர்போன பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டா இல்லை.

அந்த எண்ணெய் மாகாணத்தில் என்ன நடந்தது தெரியுமா?

1998 அக்டோபர் 4. கால்கரி நகரம். எண்ணெய் கம்பெனிகளின் தலைமை அலுவலகங்கள் எல்லாம் அங்கதான். அந்த ஊரின் பழைய பெரிய ஆஸ்பத்திரியான கால்கரி ஜெனரலை வெடி வைத்துத் தகர்த்தாங்க. சில நொடிகளில் தரைமட்டம். மக்கள் கூடி நின்னு வேடிக்கை பார்த்தாங்க. பில்டிங் இடிந்து விழும் நிலையில இருந்ததுனு நினைக்காதீங்க. பட்ஜெட் இடித்தது. அதுக்கு அப்புறம் அந்த நகர மையத்தில் எமர்ஜென்சி வசதியோட ஒரு முழு ஆஸ்பத்திரி கிடையாது.

எப்படி இங்க வந்து சேர்ந்தாங்க?

ஆல்பர்ட்டாவில் மண்ணுக்கு அடியில் இருக்கிற எண்ணெய், எரிவாயு பெரும்பாலும் மாகாண அரசுக்குச் சொந்தம். 1930-ல் வந்த உரிமை. கம்பெனி எடுத்து விற்கும், அரசுக்கு ராயல்டி கட்டும். இந்த ராயல்டி வரி இல்லைங்க. வீட்டு நிலத்தில் இருந்து மண்ணை அள்ளி வித்து வர்ற காசு மாதிரி. அள்ளின மண் திரும்ப வராது.

இது புரிந்த ஒரு முதல்வர் அங்க இருந்தார். பீட்டர் லாஹீட். 1971-ல் ஆட்சிக்கு வந்த கன்சர்வேடிவ். 1976-ல் ஹெரிடேஜ் ஃபண்ட்னு ஒரு சேமிப்பு நிதியை ஆரம்பித்தார். எண்ணெய் வருமானத்தில் 30 சதவீதம் அதில் போகணும்னு விதி. அந்த நிதியில் இருந்து 30 கோடி டாலர் ஒதுக்கி மருத்துவ ஆராய்ச்சிக்குத் தனி அறக்கட்டளை வச்சாங்க. எட்மன்டனில் பெரிய மருத்துவ மையம் கட்டினாங்க. 2000-ல் டைப் 1 சர்க்கரை நோயாளிகள் 7 பேருக்குக் கணையத்தின் ஐலட் செல்களைச் செலுத்தி, இன்சுலின் ஊசி இல்லாம இருக்க வச்சது ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழுதான். எட்மன்டன் புரோட்டோகால்னு நாங்க படிக்கிறது அதைத்தான்.

அப்புறம்? 30 சதவீதத்தை 15 ஆக்கினாங்க. 1987-ல் போடுவதையே நிறுத்திட்டாங்க. ஏன்னா 1986-ல் எண்ணெய் விலை சரிந்தது, கஜானா காலி, வரி கேட்டா ஓட்டு போகும். அந்தக் காலத்தில் அங்க கார்களின் பின்னாடி ஒரு ஸ்டிக்கர் பிரபலம்: கடவுளே, இன்னொரு தடவை எண்ணெய் விலையை ஏத்திக் கொடு, இந்தத் தடவை வீணாக்க மாட்டேன் என்கிற மாதிரி. சிரிப்பு வருதுல்ல? ஊரே ஒட்டிக்கிட்டுச் சுத்தின ஒப்புதல் வாக்குமூலம் அது.

1993 தேர்தலில் ரால்ஃப் கிளைன் வந்தார். அதே கட்சி. கடனை அடைக்கிறேன்னு செலவை வெட்டினார். கல்வி, மருத்துவம், எல்லாத்துக்கும் கத்தி. அரசு ஊழியர்களுக்குச் சம்பளத்தில் 5 சதவீதம் பிடித்தம். நர்ஸுகள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தாங்க. படுக்கைகள் குறைந்தது. கால்கரி ஜெனரலுக்கு மூடுவிழா முடிவானது இந்தக் காலத்தில்தான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு, சொல்லாம நகர முடியாது.

1995 நவம்பர். கால்கரி ஆஸ்பத்திரிகளில் துணி துவைக்கிற தொழிலாளர்கள், சுமார் 120 பேர். பலர் வெளிநாட்டில் இருந்து குடியேறிய பெண்கள். வேலை போகக்கூடாதுன்னு ஏற்கெனவே சம்பளத்தில் கிட்டத்தட்ட 28 சதவீதத்தை விட்டுக் கொடுத்திருந்தாங்க. அப்படியும், உங்க வேலையை எட்மன்டனில் இருக்கிற தனியாருக்குக் கொடுக்கப் போறோம்னு சொன்னாங்க. நவம்பர் 14-ஆம் தேதி காலையில் அவங்க வேலைக்கு வரல. உடம்பு சரியில்லைன்னு போன் பண்ணிட்டாங்க, அவ்வளவுதான். சட்டப்படி அது வேலைநிறுத்தம் பண்ண முடியாத நேரம்.

லாண்டரி நின்னா என்ன ஆகும்னு வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாது. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு நாள் தியேட்டர் சிஸ்டர் வந்து, "துணி வரல டாக்டர், லிஸ்ட்ல ரெண்டு கேஸைத் தள்ளிடுங்க"ன்னு சொன்னாங்க. முந்தின ராத்திரியில இருந்து சாப்பிடாம காத்திருந்த ஹெர்னியா பேஷன்ட்கிட்ட போய் நான்தான் சொல்லணும். சர்ஜன் இருந்தார், மயக்க மருந்து டாக்டர் இருந்தார், ஆட்டோகிளேவ் ஓடுச்சு. ஆனா உள்ள வைக்க கவுனும் இல்ல, நோயாளி மேல போர்த்துற துணியும் இல்ல. ஆஸ்பத்திரி எந்தக் கையில் நிக்குதுன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது.

கால்கரியிலும் அதேதான். பத்து நாளில் மற்ற ஆஸ்பத்திரிகள், முதியோர் இல்லங்கள்னு சுமார் 2,500 பேர் சேர்ந்துட்டாங்க. பொதுமக்களே ஆதரவு கொடுத்தாங்க. அடுத்து வர வேண்டிய சுகாதார வெட்டில் 5.3 கோடி டாலரைக் கிளைன் அரசு கைவிட்டது. லாண்டரித் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது பதினெட்டு மாத அவகாசம் மட்டும்தான். ஆனா எதிர்க்கட்சியால் நிறுத்த முடியாத கத்தியை அழுக்குத் துணி மூட்டை நிறுத்தியது.

சரி, அதுக்கு அப்புறம் விலை ஏறுச்சு. 2004-ல் கடன் முழுசா அடைஞ்சாச்சுன்னு கிளைன் போர்டு பிடிச்சு நின்னார். 2006 தொடக்கத்தில் மாகாணத்தில் ஆளுக்கு 400 டாலர் செக். குழந்தைக்கும் சேர்த்து. மொத்தம் சுமார் 140 கோடி டாலர். இடித்த ஆஸ்பத்திரியைத் திரும்பக் கட்டலாமேன்னு கேட்டா அது பழைய கதை ஆயிடும்.

இப்ப 2015-க்கு வரேன். முக்கியமான இடம், கவனமா படிங்க.

2014 ஜூனில் பீப்பாய் 100 டாலருக்கு மேல. 2015 ஜனவரியில் 50-க்குக் கீழ. மாகாணத்தின் இயற்கை வள வருமானம் 2014-15-ல் சுமார் 890 கோடி டாலரா இருந்தது, அடுத்த வருஷம் சுமார் 280 கோடி ஆச்சு. முதல்வர் ஜிம் பிரென்டிஸ். அதே கன்சர்வேடிவ் கட்சி, 44 வருஷம் ஆகப் போகுது ஆட்சியில் உட்கார்ந்து. மார்ச் மாசம் ரேடியோ பேட்டியில், இந்த நிலைக்குக் காரணம் யார்னு தெரியணும்னா நாம எல்லாரும் கண்ணாடியைப் பார்த்தாலே போதும்னு சொன்னார். ட்விட்டரில் மக்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க.

அந்த மாசக் கடைசியில் பட்ஜெட். வரி விதிப்புக்குரிய வருமானம் 50,000 டாலருக்கு மேல இருக்கிறவங்களுக்கு வருஷத்துக்கு 1,000 டாலர் வரைக்கும் சுகாதாரப் பங்களிப்புக் கட்டணம். பல அரசுக் கட்டணங்கள் உயர்வு. சுகாதாரச் செலவில் வெட்டு. கம்பெனிகளின் வருமான வரி? 10 சதவீதம். தொடவே இல்லை.

இதுதான் என் சண்டை. விலை இறங்கினது பிரென்டிஸ் தப்பு இல்லை. சவுதி அரேபியாவும் அமெரிக்க ஷேல் எண்ணெயும் அவர் பேச்சைக் கேக்காது. ஆனா வருமானம் விழுந்தப்போ யார்கிட்ட கை நீட்டணும்னு முடிவு பண்ணினது அவர். வார்டில் இருக்கிறவன்கிட்டயும் மாசச் சம்பளக்காரன்கிட்டயும் நீட்டினார். நாற்பது வருஷமா அந்த எண்ணெயை அள்ளினவங்களைப் பார்த்து மட்டும் கை உள்ள போயிடுச்சு.

நான் அரசுச் சம்பளம் வாங்குற டாக்டர், எனக்கு இதில் ஒரு சார்பு உண்டு. மறைக்கல.

அடுத்த தேர்தலுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே, ஜெயிச்சிடலாம்னு நம்பி மே 5-ன்னு அறிவிச்சார். முந்தின டிசம்பரில்தான் எதிர்க்கட்சியான வைல்ட்ரோஸின் தலைவி டேனியல் ஸ்மித் எட்டு எம்.எல்.ஏ.க்களோட இவர் கட்சிக்கே தாவியிருந்தார். எதிரில் ஆளே இல்லைன்னு நினைப்பு. இன்னொரு பக்கம் என்.டி.பி. தலைவி ரேச்சல் நாட்லி நின்னார். கம்பெனி வரியை 10-ல் இருந்து 12 ஆக்குவேன், ராயல்டி சரியா வருதான்னு ஆய்வு பண்ணுவேன், அந்தச் சுகாதாரக் கட்டணம் வேண்டாம். இதுதான் அவங்க பேச்சின் சாரம். டிவி விவாதத்தில் பிரென்டிஸ் அவங்களைப் பார்த்து, கணக்கு கஷ்டம்தான்னு எனக்குத் தெரியும் என்ற தொனியில் ஒண்ணு விட்டார். பெண்கள் மட்டும் இல்ல, எல்லாருமே நிமிர்ந்து உட்கார்ந்துட்டாங்க.

ரிசல்ட்: மொத்தம் 87 இடம். என்.டி.பி. 54, வைல்ட்ரோஸ் 21, கன்சர்வேடிவ் 10. பிரென்டிஸ் தன் தொகுதியில் ஜெயிச்சும் அன்னைக்கு ராத்திரியே ராஜினாமா.

இதை மக்கள் புரட்சின்னு எழுதினா கைதட்டல் வரும், ஆனா நேர்மை இல்லை. என்.டி.பி. வாங்கினது சுமார் 40 சதவீத ஓட்டுதான். வலதுசாரி ஓட்டு ரெண்டாப் பிரிஞ்சது. அதையும் சொல்லணும். ஆனாலும் எண்ணெய் கம்பெனி வரியை ஏத்துவேன்னு வெளிப்படையா சொன்ன ஒரு கட்சி கால்கரியிலேயே நிறைய இடம் பிடிச்சது. அப்படிச் சொன்னா அந்த மாகாணத்தில் ஜெயிக்கவே முடியாதுன்னு பல வருஷமா பயமுறுத்தினாங்களே, அது உடைஞ்சது.

நாட்லி என்ன பண்ணினாங்க? கம்பெனி வரியை ஏத்தினாங்க, கட்டணத்தை ரத்து பண்ணினாங்க, ஆஸ்பத்திரியில் கத்தி விழல. ஆனா ராயல்டி ஆய்வு 2016 ஜனவரியில் வந்தப்போ எண்ணெய் மணல் ராயல்டியை அப்படியே விட்டுட்டாங்க. விலை படுத்துக் கிடக்கிற நேரம், கம்பெனிகள் ஆளைக் குறைக்கிற நேரம், இப்ப வேண்டாம்னு காரணம். எனக்கு அது ஏமாற்றம்தான். விலை ஏறினப்போ அவசியமில்லை, இறங்கினப்போ முடியாது. இதுக்கு முன்னாடி 2009-ல் ராயல்டியை ஏத்தின கன்சர்வேடிவ் முதல்வர் ஸ்டெல்மாக் அடுத்த வருஷமே பின்வாங்கினார். எந்தக் கட்சி வந்தாலும் அந்த ஒரு கதவுக்கு முன்னாடி வந்ததும் செருப்பைக் கழட்டிடுறாங்க.

2019-ல் வலதுசாரிகள் ரெண்டு கட்சியும் ஒண்ணாச் சேர்ந்து ஜேசன் கென்னி தலைமையில் ஜெயிச்சாங்க. கம்பெனி வரியை 12-ல் இருந்து 8-க்கு இறக்கினாங்க. 2020 பிப்ரவரியில், டாக்டர்களோட சம்பள ஒப்பந்தத்தை அரசு தன்னிச்சையா கிழிச்சுப் போட்டது. தேதியைப் பாருங்க. கோவிட் வாசலில் நிக்குது. ஜூலையில் ஆல்பர்ட்டா மருத்துவர் சங்கம் நடத்தின ஓட்டெடுப்பில் 98 சதவீதம் பேர் சுகாதார அமைச்சர் மேல நம்பிக்கை இல்லைன்னு சொன்னாங்க. டாக்டர்கள் எந்த விஷயத்திலயும் 98 சதவீதம் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. பாராசிட்டமால் டோஸுக்கே எங்களுக்குள்ள சண்டை வரும்.

நார்வேன்னு யாராவது சொல்வீங்க. சொல்லுங்க. அங்க 1996-ல்தான் சேமிப்பு நிதியில் முதல் பணம் விழுந்தது, ஆல்பர்ட்டாவுக்கு இருபது வருஷம் கழிச்சு. 2015-ல் அது 80,000 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்தது. ஹெரிடேஜ் ஃபண்ட் சுமார் 1,800 கோடி கனடா டாலர். நார்வே தனி நாடு, ஆல்பர்ட்டா மத்திய அரசுக்கும் வரி கட்டுற மாகாணம், அப்படியே ஒப்பிட முடியாதுன்னு ஆல்பர்ட்டாக்காரங்க சொல்றதில் நியாயம் இருக்கு. ஆனா அந்த நியாயம் எவ்வளவு பெரிய இடைவெளியைத் தாங்கும்? இதுல நார்வேயில் பொருள் வாங்கினா 25 சதவீத மதிப்புக் கூட்டு வரி. ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி சுழியம். நார்வேக்காரன் ஆஸ்பத்திரிக்கு வரி கட்டிட்டு எண்ணெய்க் காசைச் சேர்த்து வைக்கிறான். ஆல்பர்ட்டாவில் எண்ணெய்க் காசை எடுத்து ஆஸ்பத்திரி நடத்திட்டு, அது குறைஞ்சா நர்ஸை வீட்டுக்கு அனுப்புறாங்க.

2022-23-ல் விலை எகிறி, வள வருமானம் 2,500 கோடி டாலரைத் தாண்டியது. அதுவரைக்கும் இல்லாத உச்சம். முதல்வர் யார் தெரியுமா? 2014-ல் கட்சி தாவின அதே டேனியல் ஸ்மித். 2023 மே மாசம் தேர்தல். அதுக்கு முன்னாடி முதியவர்களுக்கும், குழந்தைகள் இருக்கிற குடும்பங்களுக்கும் மாசம் 100 டாலர், ஆறு மாசம். ஜெயிச்சாங்க. 2025-26 பட்ஜெட் மறுபடியும் பற்றாக்குறை, 520 கோடி.

கமெண்ட் போட்ட நண்பருக்கு: அதை அழிச்சிடாதீங்க, கேள்வி நல்ல கேள்வி. எண்ணெய் இருந்தா ஆஸ்பத்திரி நடக்கும்னு நீங்க நம்புறதைத்தான் அந்த மாகாணமும் நாற்பது வருஷம் நம்புச்சு. சஸ்காச்சுவானில் 1962-ல் இந்தத் திட்டம் வந்தப்போ டாக்டர்களே எதிர்த்து ஸ்ட்ரைக் பண்ணினாங்க, எங்க ஆளுங்கதான். அந்த வெட்கக்கேட்டை அடுத்த ஆஃப் அன்னைக்கு எழுதுறேன்.