திகில் படத்தின் உயிர்

திகில் படங்கள் தொடர்களாக நீளும்போது வலுவிழக்கின்றன. கதவு தானே மூடுவதும் விளக்கு அணைவதும் நமக்குப் பழகிவிடுகின்றன. அப்போது படத்தைக் காப்பது எதிர்நாயகரின் நடிப்பே.

காரோட்டுக்குத் தொலைவில்லாத பத்மநாபபுரம் அரண்மனையிலும் படமாக்கப்பட்ட ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) திரைப்படத்தை எண்ணிப் பாருங்கள். தஞ்சையிலிருந்து கொணரப்பட்டுக் கொல்லப்பட்ட ஆடல்மகள் நாகவல்லியாகத் தன்னைக் கருதும் கங்கை, தமிழில் சீறுகிறாள். கங்கையாக நடித்த ஷோபனா தேசிய விருது பெற்றார்.

அக்கதையின் கன்னட வடிவம் ‘ஆப்தமித்ரா’. அதன் தொடர்ச்சியான ‘ஆப்தரக்ஷகா’வை (2010), கொடிய அரசனாகவும் தோன்றிய விஷ்ணுவர்தனின் நடிப்பே தூக்கி நிறுத்தியது. தமிழில் 2023இல் வந்த ‘சந்திரமுகி 2’இலோ ஆரவாரம் மிகுந்தது, துயரம் குறைந்தது.

நாகவல்லியின் சினத்துக்குள் பிறந்த மண்ணைப் பிரிந்தவளின் வலி இருக்கிறது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளாகிய நமக்கு அவ்வலி அயலன்று. வலியை உணர்த்தாத எதிர்நாயகர் வெறும் முகப்பூச்சே.