மீன்தொட்டியில் நீர்ச்செடி பெருக்குதல்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பார் தொகை நம் மாணவரிடையே பெருகி வருதல் மகிழத்தக்கதே. ஆயினும், அத்தொட்டிகள் பலவற்றில் மீன் மட்டுமே உயிருடையது; செடி பிளாஸ்டிக்கு. உயிர்ச்செடி வைப்பாரிலும் பலர், அது வாடியவுடன் கடைக்குச் சென்று வேறொன்று வாங்கி ஊன்றிவிடுகின்றனர். வாங்கிய செடியைத் தன் தொட்டியிலேயே பெருக்கக் கல்லாதவன் தொட்டியை உடையவனேயன்றி அதனை அறிந்தவனாகான் என்பது எம் கருத்து. கடைக்காரர் எம்மை முனியாதிருப்பாராக.

செடி அழுகும், பிளாஸ்டிக்கு அழுகாது என்று வாதிப்பார் உளர். அழுகாதது உதவியும் செய்யாது என்பதை அன்னார் மறந்தனர். 1850-ஆம் ஆண்டில் ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், இலண்டன் இரசாயன சங்கத்தார்க்குத் தம் ஆய்வொன்றை எடுத்துரைத்தார். இரண்டு பொன்மீன்களையும், வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் அவர் வளர்த்தார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி உட்கொண்டு, பகலொளியில் பிராணவாயுவை நீருக்கு அளித்தது. முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியபோது, குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகலைத் தின்று நீரைத் தெளிவித்தன. மீன் கழிவிற் பிறக்கும் அம்மோனியாவையும் செடிகள் உணவாகக் கொள்ளும் என்பதை இன்று நாம் அறிவோம். ஆனால் இத்தொண்டு முழுதும் வளரும் செடியின் தொண்டு. வளர்ச்சி நின்ற செடி தொட்டிக்குச் சுமையே.

பழகுவார்க்கு அவ் வாலிஸ்நேரியாவே தக்கது. அதில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. ஆண்மலர்கள் காம்பற்று மேலெழுந்து, நீர்ப்பரப்பில் மிதந்து சென்று பெண்மலரை அடையும் அற்புதத்தைத் தாவர நூல் பயின்றார் அறிவர். ஆனால் தொட்டியில் விதையை எதிர்நோக்கிக் காத்திருத்தல் வீண். தாய்ச்செடியின் அடியிலிருந்து ஓடுதண்டு ஒன்று மணலை ஒட்டிப் படர்ந்து, சில அங்குலத் தொலைவில் சேய்ச்செடியைத் தோற்றுவிக்கும். அதிலிருந்து மற்றொன்று கிளைக்கும். சேய்க்குத் தன் வேரும் நான்கைந்து இலைகளும் அமையுமுன் தண்டை அறுத்தலாகாது. பொறுமையற்றார் இழப்பது ஈண்டே. அறுத்தபின் நீண்ட வேர்களைச் சிறிது கத்தரித்து, கழுவிய ஆற்றுமணலில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் வேர் மட்டும் புதையுமாறு ஊன்றுக. இலைகள் கூடும் குருத்திடம் மணலுக்கு மேலே நிற்றல் வேண்டும். அது புதையின் செடி அழுகும்.

ஹைடிரில்லா முதலிய தண்டுச் செடிகளுக்கு இவ்வளவு நுட்பம் வேண்டா. நான்கைந்து அங்குல நுனித்துண்டை வெட்டி, கீழ்க்கணுக்களின் இலைகளைக் களைந்து ஊன்றினால், கணுக்களில் வேர் பிறக்கும். கிரிப்டோகொரைன் என்பதோ இடம் மாற்றியவுடன் இலையெல்லாம் கரைந்து மாண்டதுபோல் தோன்றும். அதனைப் பிடுங்கி எறிதல் பேதைமை. அடித்தண்டு உறுதியாயிருப்பின் சில வாரங்களில் புதிய இலை விடும்.

நிற்க. ஒரு துண்டே ஒரு செடியாகும் இவ்வெளிமை, தொட்டிக்குள் நன்மை. தொட்டிக்கு வெளியே பெருங்கேடு. நம் நாட்டுக் குளங்களில் இயல்பாய் வளரும் ஹைடிரில்லா, 1950-களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வாணிகத்தின் வழியே இலங்கையிலிருந்து அமெரிக்க நாட்டுப் புளோரிடாவுக்குச் சென்றது. 1960-இல் அது அங்குள்ள நீர்நிலைகளில் காணப்பட்டது. ஆங்குப் பரவியது பெண்செடியே. விதையின்றி, துண்டுகளாலும் மண்ணுள் விளையும் சிறு கிழங்குகளாலுமே ஏரிகளையும் கால்வாய்களையும் அது அடைத்தது. அதனை அடக்க அவ்வரசினர் ஆண்டுதோறும் பெரும்பொருள் செலவிட்டு வருகின்றனர்.

இது கடல் கடந்த கதையென்று ஒதுக்கற்க. 2020-ஆம் ஆண்டில் கேரள நாட்டுக் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவை அடுத்த ஆவளப்பாண்டியில், நீரோடை முழுதும் இளஞ்சிவப்பு மலர்கள் நிரம்பின. காணவந்தார் திரள் மிகுதி. அம்மலர்களைத் தந்தது கபோம்பா. தென் அமெரிக்காவும் நடு அமெரிக்காவும் அதற்குத் தாயகம். மீன்தொட்டியார் விரும்பி வளர்ப்பது. அத்துணை அடர்ந்து படரும் செடியின்கீழ் ஒளி புகாது. நாட்டுச் செடிகள் நலியும். கண்ணுக்கு இனிதாயிருத்தலால் அதனை வரவேற்றவர்களை யாம் குறை கூறவில்லை. அறிந்து வளர்ப்பவர் வாளாவிருத்தலையே குறை கூறுகின்றோம்.

ஆகவே, தொட்டி வைப்போர் வேரூன்றும் செடிகளுள் ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்து, அவற்றையே பெருக்கி நண்பர்க்கும் ஆய்வுக்கூடத்துக்கும் வழங்குக. வழங்குங்கால் செடியின் பெயரையும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். மிகுந்தவற்றைக் குளத்திலோ சாக்கடையிலோ எறியாது, முற்றக் காயுமளவும் வெயிலில் உலர்த்திப் பூந்தொட்டி மண்ணிற் புதைக்கலாம். மழைநாளாயின் பையிலிட்டுக் கட்டிக் குப்பையோடு சேர்க்க. தொட்டிநீரை மாற்றும்போதும் மெல்லிய துணியால் வடித்து, அந்நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுதல் நன்று. துணியில் தங்கும் இலைத்துணுக்குகளையும் உலர்த்த மறவற்க.